நடுத்தர விலைக் கிராபிக்ஸ் கார்ட்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டு முன் அறையில் இருந்து பகுதிநேரமாகக் கணினி பூட்டிக் கொடுக்கிறேன். கிராபிக்ஸ் கார்ட் (கணினியில் படங்களை வரைந்து திரைக்கு அனுப்பும் பலகை) விற்பதில்லை, வாங்கி வருபவர்களுக்குப் பூட்டிக் கொடுப்பதும், வாங்குவதற்கு முன்னர் வந்து கேட்பவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்வதுமே என் வேலை. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றைக் கொப்பியில் குறித்து வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ரூபாக் கணக்குகளில் ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்திருக்கிறேன். நீங்கள் வாசிக்கும் நாளில் அது மாறியிருந்தால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அண்ணை, நடுத்தரம் நடுத்தரம் எண்டு சொல்லுறியள். எது நடுத்தரம்?

அறிவிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 250 டொலருக்கும் 600 டொலருக்கும் இடையில் இருப்பவற்றையே இங்கே நடுத்தரம் என்கிறேன். 2024 டிசெம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 (249 டொலர், 12 ஜிபி நினைவகம்) இதன் கீழ் எல்லை. 2025 இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 (299 டொலர், 8 ஜிபி), ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ (8 ஜிபி 379, 16 ஜிபி 429), ஏஎம்டியின் ரேடியன் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி (8 ஜிபி 299, 16 ஜிபி 349), என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 (549, 12 ஜிபி) ஆகியன நடுவில் நிற்பவை. அதே ஆண்டு மார்ச்சில் 599 டொலர் என்ற விலையோடு விற்பனைக்கு வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி மேல் எல்லை. அடுத்து வரப்போகிறவற்றின் விலையை இவற்றோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட முடியும்.

கார்ட்டின் பெயரிலுள்ள இலக்கத்தை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்யாதீர்கள். 2021 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 இன் நினைவகப் பாதை (நினைவகத்துக்குத் தரவு போய்வரும் வழியின் அகலம்) 192 பிட், நினைவகம் 12 ஜிபி. 2023 இல் வந்த 4060 இல் பாதை 128 பிட்டாகவும் நினைவகம் 8 ஜிபியாகவும் சுருங்கின. 5060 உம் அந்த அளவிலேயே நிற்கிறது. வேகம் கூடியது உண்மை. ஆனால் "60" என்ற இலக்கம் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே அளவு பொருளைக் குறிப்பதில்லை.

அமெரிக்காவில 349 டொலர் எண்டு அறிவிச்சவங்கள். டொலர் முந்நூறு எண்டாலும் ஒரு லட்சத்து ஐயாயிரம்தானே. கடைக்காரர் ஒன்றரை லட்சம் சொல்லுறது கொள்ளையில்லையோ?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலை அங்குள்ள விற்பனை வரி சேராத விலை; அங்கே வாங்குபவரே மாநிலத்துக்கு ஏற்ப அதற்கு மேல் வரி கட்டுகிறார். இலங்கையில் 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதற்கு முன்னரே, 2022 ஒக்டோபரில், 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்துவிட்டது. ஒரு வரியைச் சேர்த்த தொகையின் மேல்தான் அடுத்த வரி விழுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 349 டொலர் என்பது 104,700 ரூபா. கப்பல் அல்லது விமானக் கூலி, காப்புறுதி, இறக்குமதியாளரின் இலாபம், கொழும்பிலிருந்து இங்கே வரும் செலவு, கடைக்காரரின் இலாபம் எல்லாவற்றுக்குமாக 20 சதவீதம் என்று வைத்தால் 125,640. அதன் மேல் 2.5 சதவீதம் சேர 128,781. அதன் மேல் 18 சதவீதம் சேர ஏறத்தாழ 152,000. ஆக, டொலர் விலையை ரூபாவாக்கி 1.45 ஆல் பெருக்கினால் வரும் தொகை நியாயமான விலைக்கு அருகில் இருக்கும். அந்த 20 சதவீதம் நான் வைத்த அனுமானம். அமெரிக்க விலைக்குள்ளேயே அங்குள்ள கடைக்காரரின் இலாபம் அடங்கியிருப்பதால் அது சற்றுத் தாராளமான அனுமானம் என்றும் சொல்லலாம். எனவே ஒருவர் 1.45 மடங்கு கேட்டால் நான் வாதாடப் போவதில்லை. 1.6 மடங்குக்கு மேல் கேட்டால் காரணம் கேட்பேன்.

அப்ப இனி வரப்போற கார்ட்டுக்கும் இதே கணக்கைப் போட்டு இப்பவே காசு சேர்க்கலாமோ?

சேர்க்கலாம், ஆனால் ஒரு இலக்கத்தை அல்ல, ஒரு வீச்சை மனதில் வைத்துச் சேர்க்க வேண்டும். முதலாவது காரணம், அறிவிக்கப்பட்ட விலையே மாறக்கூடும். 2019 இல் ஏஎம்டி நிறுவனம் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்ட்டை 449 டொலர் என்று அறிவித்தது. போட்டி நிறுவனமான என்விடியா தன் சூப்பர் வரிசையை (அதே தலைமுறையில் வேகம் கூட்டி விடும் கார்ட்டுகள்) இறக்கியதும், விற்பனை தொடங்குவதற்கு முன்னரே அதை 399 ஆகக் குறைத்தது. 2022 இல் என்விடியா "4080 12 ஜிபி" என்று 899 டொலருக்கு அறிவித்த கார்ட்டை, எழுந்த எதிர்ப்பின் பின் மீளப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 799 டொலருக்கு விற்றது.

இரண்டாவது காரணம் எதிர்த் திசையில் வேலை செய்கிறது: அறிவித்த விலைக்குக் கடையில் கார்ட் கிடைக்காமல் போகலாம். 329 டொலர் என்று வந்த 3060, கிரிப்டோ நாணய அகழ்வு உச்சத்தில் இருந்த 2021 இல் அதைப்போல் இரு மடங்குக்கும் விலைப்பட்டது. 2025 மார்ச்சில் வந்த 9070 எக்ஸ்டியும் அறிவித்த 599 டொலருக்கு முதல் மாதங்களில் பல நாடுகளில் கிடைக்கவில்லை. ஆகவே முதல் மூன்று மாதங்களுக்குள் வாங்க நினைப்பவர், 1.45 மடங்கு என்று வந்த தொகைக்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதத்தை ஒதுக்கி வைப்பது நல்லது.

2016 இல 1060 வாங்கினனான். அதே வகைக் கார்ட் இப்ப ஏன் இவ்வளவு விலை? கொம்பனி அடிக்குதோ, எங்கட ரூபா விழுந்ததோ?

இரண்டும்தான், ஆனால் பங்கு சமமில்லை. ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி 2016 யூலையில் 249 டொலருக்கு வந்தது. அப்போது டொலர் ஏறத்தாழ 145 ரூபா. வரி எதுவும் சேர்க்காமல் பார்த்தால் 36,000 ரூபா. 2025 இல் வந்த 5060 இன் அறிவிக்கப்பட்ட விலை 299 டொலர். வரி சேர்க்காமல் 89,700 ரூபா. டொலரில் ஏற்றம் 20 சதவீதம் மட்டுமே. அமெரிக்கப் பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் அன்றைய 249 டொலர் இன்றைய 330 டொலருக்குச் சமம் என்பதால், அங்குள்ளவருக்கு விலை குறைந்திருக்கிறது என்றுகூட வாதாடலாம். நமக்கோ அது இரண்டரை மடங்கு.

நடுவில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பின்னர் மே மாதத்தில் 360 ரூபா அளவைத் தொட்டது. அந்த மாதங்களில் கடைகளில் விலைச்சீட்டு ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். காலையில் கேட்ட விலை பின்னேரம் செல்லாது. பின்னர் டொலர் 300 அளவுக்கு இறங்கியபோதும் பழைய விலை திரும்பவில்லை. கொம்பனியின் பங்கு எங்கே இருக்கிறதென்றால், விலையை அதிகம் ஏற்றாமல் பொருளைக் குறைத்ததில் இருக்கிறது. முதற் கேள்விக்குச் சொன்ன 192 பிட், 128 பிட் கதை அதுதான்.

8 ஜிபி காணுமோ? 16 ஜிபிக்கு மேலதிகமாக் குடுக்கிற காசுக்குப் பெறுமதி இருக்கோ?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. 1080பி (சாதாரண முழு எச்டி) திரையில் போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவருக்கு 8 ஜிபி இன்றும் போதும். புதிய, பெரிய கதை விளையாட்டுகளை உயர் அமைப்பில் ஆட விரும்புபவருக்கும், அதைவிடக் கூர்மையான 1440பி திரை வைத்திருப்பவருக்கும், நான்கு ஐந்து வருடங்களுக்கு கார்ட்டை மாற்றப் போவதில்லை என்பவருக்கும் போதாது.

போதாமை எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சராசரி பிரேம் எண்ணிக்கையை (வினாடிக்கு எத்தனை படங்கள் என்பதை) பார்த்து ஏமாறுகிறார்கள். நல்லூரிலிருந்து ஒரு தம்பி தன் 8 ஜிபி கார்ட்டை "பிழையான கார்ட்" என்று கொண்டுவந்தார். மூலையில் 70 பிரேம் என்றுதான் காட்டியது. ஆனால் கதாபாத்திரம் ஒரு தெருவுக்குள் திரும்பியபோது எதிரே இருந்த சுவர் மாவைக் கரைத்துப் பூசியதுபோல் மங்கலாக நின்றது. மூன்று நான்கு வினாடிகள் கழித்துத்தான் செங்கற்களும் சுவரொட்டி எழுத்துகளும் தெளிந்தன. திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு கணம் தடக்கியது. டெக்ஸ்சர் (சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படம்) அமைப்பை ஒரு படி இறக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. கார்ட்டில் பிழை இல்லை. நினைவகம் நிரம்பி, மிச்சம் கணினியின் சாதாரண நினைவகத்துக்கு வழிந்துகொண்டிருந்தது.

காசுக் கணக்கு இது. 9060 எக்ஸ்டியிலும் 5060 டிஐயிலும் இரு வகைகளுக்குமான அறிவிக்கப்பட்ட விலை வித்தியாசம் 50 டொலர், நம் 1.45 மடங்கில் 21,750 ரூபா. நான்கு வருடம் வைத்திருந்தால் மாதத்துக்கு 450 ரூபா அளவு. இந்த 50 டொலர் வித்தியாசம் இருக்கும்வரை நான் தயங்காமல் 16 ஜிபியைச் சொல்வேன். 2023 இல் 4060 டிஐயில் அதே வித்தியாசம் 100 டொலராக இருந்தபோது அப்படிச் சொல்லவில்லை. வரப்போகும் கார்ட்டுகளிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

8 இல்லாட்டி 16 எண்டுதான் வைக்கிறாங்கள். 10, 12 எண்டு வைச்சால் என்ன குறைஞ்சு போகும்?

நினைத்த அளவை வைக்க முடியாது. ஒவ்வொரு நினைவகச் சில்லும் 32 பிட் பாதையில் இணைகிறது. 128 பிட் கார்ட் என்றால் நான்கு சில்லுகள். ஒரு சில்லு 2 ஜிபி என்பதால் 8 ஜிபி. கார்ட் பலகையின் பின்பக்கத்திலும் நான்கைப் பொருத்தினால் 16 ஜிபி. 192 பிட் என்றால் ஆறு சில்லுகள், 12 ஜிபி. பி580, 5070 ஆகியவற்றுக்கு 12 ஜிபி வந்தது இப்படித்தான்.

இப்போது 3 ஜிபி கொள்ளளவுள்ள ஜிடிடிஆர்7 வகை நினைவகச் சில்லுகள் வந்துவிட்டன. மடிக்கணினிக்கான 5090 இல் அவற்றை வைத்துத்தான் 256 பிட் பாதையில் 24 ஜிபி கொடுத்தார்கள். அதே சில்லுகள் நடுத்தரக் கார்ட்டுக்கு வந்தால் 128 பிட்டில் 12 ஜிபியும் 192 பிட்டில் 18 ஜிபியும் சாத்தியம். வதந்திகளில் அடிபடும் இலக்கங்களை நம்பலாமா என்று பார்க்க இந்தப் பெருக்கல் உதவும். யாராவது "128 பிட், 10 ஜிபி" என்று சொன்னால் அவர் சில்லை எண்ணவில்லை என்று அர்த்தம்.

அப்ப 3 ஜிபி சில்லோட என்விடியா 50 வரிசைச் சூப்பர் வரட்டும் எண்டு பொறுத்திருக்கிறதுதானே புத்தி?

நிறுவனம் மேடையில் ஏறி விலையையும் திகதியையும் சொல்லாதவரை அது காத்திருப்பு அல்ல, வெறும் ஆசை. சென்ற தலைமுறையில் சூப்பர் வரிசை 2024 ஜனவரியில் வந்ததும், 4070 சூப்பர் பழைய 4070 இன் அதே 599 டொலருக்கு அதிக வேகத்தைக் கொடுத்ததும் உண்மைதான். அதை நினைத்துத்தான் எல்லாரும் இம்முறையும் அப்படியே நடக்கும் என்று எண்ணுகிறார்கள்.

ஆனால் 2024 இல் நினைவகச் சில்லுகள் மலிவாக இருந்தன. 2025 இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போக, விலை கடுமையாக ஏறியது. சாதாரணக் கணினி நினைவகமே எட்டாத விலைக்குப் போனது; டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம் நம் கடைகளிலும் பழக்கமான தன் குருசியல் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. சில்லு தட்டுப்பாடான காலத்தில், அதிக நினைவகம் உள்ள கார்ட் அதே விலைக்கு வரும் என்று எதிர்பார்ப்பது தேங்காய் விலை ஏறியிருக்கும்போது சம்பல் மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்குச் சமம். இம்முறை அப்படி ஒரு கார்ட் வந்தாலும் விலை கூடவே இருக்கும் என்பது என் மதிப்பீடு.

புதுசு வந்தால் பழசின்ர விலை தானா இறங்கும்தானே?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓரளவு இறங்கும். இங்கே இறங்குவது அரிது. இறக்குமதியாளர் முந்திய டொலர் விலையில் காசு கட்டி எடுத்த பொருளை நட்டத்துக்கு விற்கமாட்டார். யாழ்ப்பாணக் கடைகள் அதிகம் இருப்பு வைக்காமல் கேட்டபின் கொழும்பிலிருந்து எடுப்பதால், தேங்கிப் போன பொருளைத் தள்ளிவிட வேண்டிய அவசரமும் அவர்களுக்கு இல்லை.

5070, 4090 மாதிரி ஓடுமெண்டு முதலாளியே மேடையில சொன்னவர். அதுவும் 549 டொலருக்கு. பிறகென்ன யோசினை?

2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் அப்படிச் சொன்னார். அது டிஎல்எஸ்எஸ் 4 என்ற என்விடியா மென்பொருளின் பல்பிரேம் உருவாக்கத்தைச் சேர்த்துச் சொன்ன கணக்கு. அதில் கார்ட் உண்மையாக வரையும் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று பிரேம்கள் வரை ஊகித்து நிரப்பப்படுகின்றன. காட்சி வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் நீங்கள் மவுசை அசைத்ததற்குத் திரை பதில் சொல்லும் நேரம் அடிப்படைப் பிரேம் எண்ணிக்கையையே சார்ந்திருக்கும். அடிப்படையில் 25 பிரேம் மட்டுமே வரும் கார்ட், திரையில் 100 என்று காட்டினாலும் கைக்கு 25 போலத்தான் இருக்கும். அதோடு 4090 இல் 24 ஜிபி நினைவகம். 5070 இல் 12. அந்தப் பாதியை எந்த மென்பொருளும் நிரப்பாது.

ஆகவே புதிய கார்ட் ஒன்றின் பெறுமதியைப் பார்க்கும்போது, பிரேம் உருவாக்கம் நிறுத்தப்பட்ட நிலையில் எடுத்த சோதனைகளை மட்டும் எடுங்கள். விலையை அந்தப் பிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிரேமுக்கு எத்தனை ரூபா என்று வரும். உங்கள் மொனிட்டர் 75 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு 75 படங்கள் காட்டுவது) என்றால் 75 க்கு மேற்பட்ட பிரேம்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். திரையில் வராததற்குக் காசு கொடுப்பானேன்?

என்ர கொம்பியூட்டர் இன்டெல் பத்தாம் தலைமுறை. புதுக் கார்ட் அதில முழுசா வேலை செய்யுமோ?

வேலை செய்யும், முழுதாகவா என்பது கார்ட்டைப் பொறுத்தது. பத்தாம் தலைமுறைத் தாய்ப்பலகைகளில் கார்ட்டை இணைக்கும் பாதையான பிசிஐஇ, 3.0 வேகத்தில் இயங்குவது. 5060, 5060 டிஐ ஆகியன அந்தப் பாதையில் எட்டு வழித்தடங்களை மட்டும் பயன்படுத்துகின்றன. 9060 எக்ஸ்டி பதினாறையும் பயன்படுத்துகிறது. நினைவகம் நிரம்பாதவரை வித்தியாசம் சிறிது. நிரம்பி வழியத் தொடங்கினால், பழைய பலகையில் எட்டு வழித்தட 8 ஜிபி கார்ட் படும் பாடு, மேலே சொன்ன நல்லூர்த் தம்பியின் சுவரை விட மோசமாக இருக்கும். பழைய பலகையில் 8 ஜிபி 5060 டிஐயைப் பூட்ட நான் யாருக்கும் சொல்வதில்லை.

இன்டெல் பி580 க்கு ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்ட்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரே தடவையில் அணுக விடுவது) பலகையில் இருந்தே ஆக வேண்டும்; அத்துடன் பழைய செயலிகளோடு சேரும்போது அதன் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. மலிவு என்று அதை வாங்குபவர்கள் பெரும்பாலும் பழைய கணினி வைத்திருப்பவர்கள் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

பவர் சப்ளை, யூபிஎஸ் எல்லாம் மாத்த வேண்டி வருமோ? அதையும் விலையில சேர்க்கோணுமோ?

சேர்க்க வேண்டும். 5060 எடுக்கும் மின்சாரம் 145 வாட். அதற்கு 550 வாட் பவர் சப்ளை போதும். 5070 க்கு 250 வாட். 650 வாட் சப்ளை வேண்டும். 9070 எக்ஸ்டி 304 வாட் எடுப்பது. பெட்டியோடு இலவசமாக வந்த, நிறை குறைந்த சப்ளையில் எழுதியிருக்கும் "500 வாட்" என்ற எழுத்தை நான் நம்புவதில்லை.

யூபிஎஸ் விடயம் இங்கே முக்கியம். நம் வீடுகளில் இருக்கும் 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். 5060 பூட்டிய கணினியும் மொனிட்டரும் அதற்குள் அடங்கும். 5070 ஐப் பூட்டி, விளையாட்டு நடக்கும்போது மின்சாரம் நின்றால், யூபிஎஸ் ஒரு முறை அலறிவிட்டுத் தானும் நின்றுவிடும். ஆகவே இரண்டு கார்ட்டுகளுக்கிடையில் விலை வித்தியாசம் பார்க்கும்போது, பெரிய கார்ட்டின் பக்கத்தில் சப்ளை, யூபிஎஸ் இரண்டின் விலையையும் எழுதிப் பாருங்கள். பலமுறை அந்த வரியோடு முடிவு மாறியிருக்கிறது.

தம்பி, மகன் படிப்புக்கு எண்டு கிராபிக்ஸ் கார்ட் கேக்கிறான். உண்மையோ, இல்லை எனக்குச் சுத்துறானோ?

எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்தது, அம்மா. உயர்தரத்துக்குத் தேவையில்லை, தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கும் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளை முப்பரிமாண வரைதல் செய்வதாகவோ, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தன் கணினியில் ஓட்டிப் பார்ப்பதாகவோ சொன்னால் அது உண்மையான தேவை. அந்த நிலையில் என்விடியா கார்ட்டின் குடா என்ற மென்பொருள் அடித்தளத்துக்குப் பெறுமதி உண்டு. மற்றக் கார்ட்டுகளிலும் செய்யலாம், ஆனால் படிக்கும் பிள்ளை பாடத்தை விட்டு மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். இங்கே வேகத்தை விட நினைவகமே முக்கியம். மாதிரி நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் வேகத்தால் பயனில்லை. மகன் 16 ஜிபி என்று அழுத்திக் கேட்டால் விடயம் தெரிந்துதான் கேட்கிறார். பெட்டிக்குள் எத்தனை வண்ண விளக்கு எரியும் என்று கேட்டால், நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

கனடாவில இருந்து சித்தப்பா வாறார். அவரிட்டச் சொல்லி எடுப்பிச்சால் லாபம்தானே?

இலாபம் வரலாம், எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. கனடாவில் கடை விலைக்கு மேல் வரி சேரும். ஒன்ராறியோவில் அது 13 சதவீதம். பிரித்தானியாவிலும் பிரான்சிலும் காட்டும் விலைக்குள்ளேயே 20 சதவீத வரி இருக்கிறது. பிரான்சில் அந்த வரியைத் திருப்பி எடுக்கும் வசதி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்குத்தான். பாரிஸில் குடியிருக்கும் மாமா அதைக் கேட்க முடியாது, இங்கிருந்து போய்த் திரும்பும் நீங்கள் கேட்கலாம். பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் வாங்கி வருவதாகச் சிலர் சொல்கிறார்கள்; அங்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, விமானச் சீட்டும் உண்டு. வரும்போது அனுமதிக்கப்பட்ட பெறுமதிக்கு மேற்பட்டால் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும்.

இவற்றை விடப் பெரியது உத்தரவாதம். இங்கே கடைகள் வழமையாக இரண்டு அல்லது மூன்று வருட உத்தரவாதம் தருகின்றன. ரொறன்ரோவில் வாங்கிய கார்ட் பழுதானால் அது மீண்டும் ரொறன்ரோவுக்குப் போக வேண்டும். வித்தியாசம் 25,000 ரூபாவுக்குக் குறைவென்றால் சித்தப்பாவிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

பாவிச்ச கார்ட் பாதி விலைக்கு வருது. எடுக்கலாமோ?

எடுக்கலாம், பார்த்து எடுத்தால். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் கார்ட் வைத்து அதை அகழ்வது நின்றுபோனது; அதன்பின் உலகெங்கும் அந்தக் கார்ட்டுகள் பாவித்த சந்தைக்கு வந்தன. அகழ்வில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தேய்வது காற்றாடியும் வெப்பப் பசையும், இரண்டையும் மாற்றலாம்.

என்னிடம் வரும் கார்ட்டை முதலில் யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். சென்ற வருடம் கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. "பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை" என்றார் விற்றவர். பல்துலக்கும் தூரிகையால் அலுமினியத் தகடுகளின் இடையைத் தட்டியபோது வெள்ளைத் தாளில் செம்மண் கொட்டியது. இரண்டு சோளகக் காற்றாவது அந்தக் கார்ட்டுக்குள் போயிருக்க வேண்டும். தூசி குற்றமில்லை, பொய்தான் விலையைக் குறைக்கச் சொன்னது. கடற்கரையை அண்டிய வீடுகளிலிருந்து வருபவற்றில் திருகாணித் தலையும் மொனிட்டர் வயர் செருகும் துளையின் ஓரமும் பச்சை பூத்திருந்தால் நான் தொடுவதில்லை.

பின்னர் கணினியில் பூட்டி, கார்ட்டின் விபரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். உள்ளே வேறு பழைய சில்லை வைத்துப் பெயரை மாற்றிய போலிக் கார்ட்டாக இருந்தால் பல வேளைகளில் அது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில் 2304 கருக்களுக்குப் பதிலாக 2048 கருக்கள் மட்டும் உள்ள வகையும் இருக்கிறது. அது போலி அல்ல, ஆனால் முழு விலைக்கு உரியதும் அல்ல. அரை மணி நேரமாவது சுமையேற்றி ஓடவிடாமல் காசைக் கொடுக்க வேண்டாம். புதியதன் விலையில் 60 சதவீதத்துக்கு மேல் கேட்டால், உத்தரவாதத்தோடு புதியதே மேல்.

புதுக் கார்ட் வர முதலே முற்பணம் கட்டச் சொல்லினம். கட்டலாமோ?

நான் ஒருமுறை கட்டிப் பட்டிருக்கிறேன். ஒரு கடையில் 30,000 ரூபா கொடுத்துப் பதிந்தேன்; ஆறு கிழமை கழித்து "டொலர் ஏறிவிட்டது" என்று மேலும் 18,000 கேட்டார்கள். பற்றுச்சீட்டில் "கிராபிக்ஸ் கார்ட் – 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எந்த மாதிரி, எத்தனை ஜிபி, என்ன விலை என்று எதுவும் இல்லை. வாய் பேசிய விலைக்குச் சாட்சி நான் மட்டுமே.

கட்டத்தான் வேண்டுமென்றால், தயாரிப்பாளர் பெயர், முழு மாதிரி, நினைவக அளவு, இறுதி விலை, வரவேண்டிய கடைசித் திகதி, வராவிட்டால் முற்பணம் முழுதாகத் திரும்பும் என்ற வசனம் இவ்வளவையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால், கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் பேருந்தில் போய் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு வருவது அதிக பாதுகாப்பு. தவணைக்கு வாங்குபவர்கள், "வட்டியில்லை" என்ற சொல்லுக்கு மயங்காமல் ரொக்க விலை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

சரி அண்ணை, என்னட்ட ஒண்டரை லட்சம் இருக்கு. இப்ப வாங்கவோ, ஆறு மாதம் பொறுக்கவோ? ஒரே வசனத்தில சொல்லுங்கோ.

ஒரே வசனத்தில் முடியாது, ஏனெனில் இப்போது உங்களிடம் என்ன கார்ட் இருக்கிறது என்று சொல்லவில்லை. 3060 12 ஜிபியோ அதற்கு மேலோ இருந்து, ஆடும் விளையாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தால், காசை வங்கியில் வைத்துவிட்டு அறிவிப்புக்காகக் காத்திருங்கள்; நட்டமில்லை. 1060 ஐயோ அதற்கு முந்தியதையோ வைத்துக்கொண்டு வாங்கிய விளையாட்டுகளைத் திறக்க முடியாமல் இருக்கிறீர்கள் என்றால், ஆறு மாதத்தில் விலை இறங்கும் என்று நம்புவதற்கு நினைவகச் சந்தை இப்போது எந்தக் காரணமும் தரவில்லை. ரூபா எந்தப் பக்கம் போகும் என்ற ஆபத்தும் காத்திருப்பவரின் தலையில்தான் விழும்.

அந்த நிலையில், ஒன்றரை இலட்சத்தை அண்டிய விலையில் 16 ஜிபி 9060 எக்ஸ்டி உத்தரவாதத்தோடு கிடைத்தால் எடுத்துவிடுங்கள். 1.6 மடங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 167,000 க்கு மேல் கேட்டால் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்குங்கள். எடுத்த பின்னர் மூன்று மாதத்துக்கு விலைப் பட்டியல்களைத் திறந்து பார்க்க வேண்டாம். பூட்டுவதற்குச் சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள். வரும்போது பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து முதலே அனுப்பிவிடுங்கள்.